காஸ் கிணறு

பம்பாய்,
24-1-1960

அன்புள்ள அக்காவுக்கு ஆத்மநாதன் வணங்கி எழுதியது.

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக் கொடுத்த புளிச்சோறு குண்டக்கல் வரை வந்தது. நீயும் மச்சானும் சுகமாக இருக்கிறீர்களா? உன் கண் எப்படி இருக்கிறது?

கண்ணைப் பற்றி ஏன் கேட்கிறேன் என்றால், லீவில் இருந்த இருபது நாளும் உன் அடுப்படியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஈர விறகை ஊதி ஊதி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நீ ஆக்கிப் போட்டாய். நான் ருசித்துச் சாப்பிட்டேன். ஆத்தா செத்த நாளிலிருந்து உன் கையால் தின்று வளர்ந்தவன். உன் கண் ஏன் இப்படிச் சிவந்திருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

எங்கள் பட்டறையில் ஒரு பால் பண்ணைக்காக இரும்பு டிரம் செய்து கொடுத்தோம். ஆள் உயரம் இருக்கும், ஒரு பக்கம் மட்டும் திறந்தது. எதற்கு என்று விசாரித்தேன். கிணறு மாதிரி குழி வெட்டி, உள்ளே செங்கல் கட்டி, சாணியையும் தண்ணீரையும் சரிக்குச் சரி கரைத்து ஊற்றுவார்களாம். அதன்மேல் டிரம்மைக் கவிழ்த்து விட்டால், சாணி புளித்துக் கிளம்புகிற காஸ் டிரம்முக்குள் சேர்ந்து அதை மேலே தூக்கும். அங்கிருந்து குழாய் வழியாக அடுப்புக்குப் போகும். நானே போய்ப் பார்த்தேன் அக்கா. நீலமாக எரிகிறது. புகை இல்லை, கரி இல்லை. வெளியே வழிகிற கரைசல் வயலுக்கு உரம்.

டிரம்மை நான் என் கையால் வெல்டிங் செய்து அனுப்புகிறேன். குழியை மச்சான் வெட்டட்டும். நம் மாடுகளுக்கு நாளைக்கு எத்தனை கூடை சாணி விழும் என்று பார்த்து எழுது.

உன் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
ஆத்மநாதன்


புங்கங்குடி,
ஆவுடையார்கோவில் தபால்,
11-2-1960

அருமைத் தம்பிக்கு அக்கா செவந்தி எழுதிக்கொண்டது.

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் சௌக்கியம். கண்ணுக்கு ஒன்றும் இல்லை, நீ அதையே நினைத்துக்கொண்டிருக்காதே. வேளைக்குச் சாப்பிடு.

உன் கடிதத்தை மச்சானுக்குப் படித்துக் காட்டினேன். "ஒன் தம்பிக்குப் பம்பாய்த் தண்ணி தலைக்கு ஏறிருச்சு. சாணியில சோறு ஆக்கலாமாம்" என்று சிரித்தார். ஆனால் மறுநாள் காலையில் தொழுவத்தில் குனிந்து நின்று கூடையை எண்ணிக்கொண்டிருந்தார்.

நம்மிடம் உழவு மாடு இரண்டு, பசு மூன்று, கிடாரி ஒன்று, கன்று ஒன்று. விடிந்ததும் எல்லாம் ஊர் மந்தையோடு கண்மாய்க்குள் மேயப் போய்விடுகின்றன. பொழுது சாய்ந்துதான் வீடு வரும். அதனால் இராத்திரி தொழுவத்தில் விழுவது மட்டும்தான் நமக்கு. பெரிய கூடையில் ஒன்றரைக் கூடை. பகலில் போடுவதெல்லாம் மேய்ச்சல் காட்டோடு போயிற்று. மாட்டைக் கட்டிப்போட்டுத் தீனி வைக்க வைக்கோல் எங்கே இருக்கிறது?

மந்தை மேய்க்கிற இருளாண்டி அண்ணனை உனக்குத் தெரியுமே, நீ சின்ன வயசில் அவர் தோளில் உட்கார்ந்து தேர் பார்த்தாய். அவர்தான் வழி சொன்னார். "மத்தியானம் மருத மரத்தடியில மாடெல்லாம் படுத்து அசை போடுதுல்ல, அங்ஙன அம்புட்டுச் சாணி கெடக்கும் தங்கச்சி. வர்றப்ப ரெண்டு கூடை கொண்டாந்து போட்டுட்டுப் போறேன்" என்றார்.

ஆனால் ஒன்று. மந்தையில் விழுகிற சாணி மேய்ப்பவர் வீட்டுக்கு என்பது ஊர் வழக்கம். அண்ணன் பெண்சாதி மருதாயி அதைத்தான் வறட்டி தட்டி ஆவுடையார்கோவிலுக்குக் கொண்டுபோய் விற்கிறாள். அவளைக் கூப்பிட்டுப் பேசினோம். அறுப்பில் நெல் தருகிறோம், வழிகிற கரைசலை உங்கள் கொல்லைக்கு உரமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் மச்சான். "அவரு சரின்னா சரிதான்" என்றாள். முகம் தெளியவில்லை. போகப்போகச் சரியாகிவிடும்.

நீ டிரம்மை அனுப்பு. உடம்பைப் பார்த்துக்கொள்.

செவந்தி


பம்பாய்,
10-5-1960

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? நானும் நலம். டிரம்மை நேற்றுக் கூட்ஸ் ரயிலில் ஏற்றிவிட்டேன். அறந்தாங்கி ஸ்டேஷனில் மச்சான் பெயருக்கு வரும். வண்டி கட்டிப் போய் எடுத்துக்கொள்ளச் சொல். பத்து ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒட்டியது. ஒரு தையலில்கூடக் காற்றுப் புகாது. மேஸ்திரி தட்டிப் பார்த்துவிட்டு, "இது உன் அக்காவுக்கா, கல்யாணச் சீரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

குழியின் அளவையும் குழாய் வைக்கவேண்டிய இடத்தையும் படம் போட்டு இதனுடன் வைத்திருக்கிறேன். கொத்தனார் அளவு தவறாமல் கட்டவேண்டும்.

மச்சானுக்கு என் வணக்கம்.
ஆத்மநாதன்


புங்கங்குடி,
2-10-1960

என் ராசா, ஆத்மநாதா,

நாங்கள் எல்லாரும் சுகம். நீயும் சுகமாக இருக்க அந்த ஆத்மநாதசுவாமி துணை இருக்கட்டும். எரிந்துவிட்டது தம்பி!

முதலில் பயந்து போனோம். குழியில் கரைசல் ஊற்றி ஒரு மாதம் ஆகியும் டிரம் அசையவில்லை. மச்சான் தினமும் போய் அதன்மேல் கையை வைத்துப் பார்ப்பார், காய்ச்சல்காரனைப் பார்க்கிற மாதிரி. ஆவணி கடைசியில் ஒரு நாள் விடிகாலையில் ஒரு முழம் எழும்பி நின்றது. அடுப்பைத் திறந்து தீக்குச்சி வைத்தேன். புஸ்ஸென்று அணைந்தது. மறுநாளும் அப்படியே. வேலிக்கு வெளியே கூடி நின்ற சனமெல்லாம் சிரித்தது. ஐந்தாம் நாள் "பக்"கென்று பிடித்தது பார், என் புருவம் பொசுங்கிவிட்டது. நீல நெருப்பு. தண்ணீருக்கு அடியில் பார்க்கிற வானம் மாதிரி இருந்தது.

அன்றைக்கு இருளாண்டி அண்ணனுக்குத்தான் முதல் இலை போட்டேன். அவர் சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டு, "சாணி நாத்தம் வரலையே தங்கச்சி" என்றார். சிரித்துச் சிரித்து மச்சானுக்குப் புரையேறியது.

அண்ணன் இப்போது குடியை விட்டுவிட்டார், தெரியுமா? ஆடி மாதம் ஐயனார் கோயிலில் மருதாயி தலையில் கையை வைத்துச் சத்தியம் செய்தார். ஒளிந்து சாராயம் காய்ச்சுகிற இடத்துப் பக்கமே அவர் நிழல் போவதில்லை. தினமும் பொழுது சாய இரண்டு கூடைச் சாணியோடு வருகிறார். தானே கரைத்து ஊற்றுகிறார். டிரம்மைத் தட்டிப் பார்த்து, "இன்னைக்கு நல்லா வயிறு நெறைஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார்.

மருதாயியும் வந்து பார்த்தாள். அடுப்பையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "நல்லாத்தான் இருக்கு. எங்க வீட்டுல அதே வெறகுதான்" என்றாள்.

என் கண் தெளிந்துவிட்டது. உனக்குப் பெண் பார்க்க வேண்டும், அடுத்த லீவு எப்போது?

உன் அக்கா செவந்தி


புங்கங்குடி,
12-3-1961

அன்புத் தம்பிக்கு,

உன் உடம்பு எப்படி? இருமல் விட்டதா? நாங்கள் நலமே.

தை பிறந்ததிலிருந்து காஸ் குறைந்துகொண்டே வருகிறது. முன்பு இரண்டு வேளைச் சமையலுக்கு வரும். இப்போது ஒரு பானை உலை கொதிக்குமுன் அணைந்துபோகிறது. டிரம் பாதிகூட எழும்பவில்லை. ஊற்றுகிற கரைசல் உள்ளே போகாமல் கரைக்கிற தொட்டியிலேயே நிற்கிறது. இருளாண்டி அண்ணன் நீளக் கழியை விட்டுப் பார்த்தார். அடியில் மணல் இறுகிக் கிடக்கிறதாம். "மந்தைச் சாணி வெறுந்தரையில கெடந்தது, மண்ணும் கோரையுமா ஒட்டிக்கிட்டுத்தானே வரும்" என்கிறார். அதுதான் காரணமாக இருக்கும் போலிருக்கிறது.

மச்சான் பிளாக் ஆபீசில் கேட்கலாமா என்றார். "தம்பி இருக்கிறப்ப அவங்கள எதுக்குக் கேக்கணும்?" என்று நான்தான் சொல்லிவிட்டேன். என்ன செய்யலாம், சீக்கிரம் எழுது.

செவந்தி


பம்பாய்,
24-3-1961

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கண்டேன். இருமல் போய்விட்டது. கவலை வேண்டாம், இதற்கும் நான் இருக்கிறேன்.

இது பெரிய விஷயமே இல்லை. பத்து ஆள் வைத்து, மூங்கில் கொடுத்து டிரம்மைத் தூக்கிக் கரையில் வையுங்கள். மேலே இருக்கிற கரைசலை வாளியால் இறைத்துவிட்டு, ஏணி வைத்து ஓர் ஆள் உள்ளே இறங்கி, அடியில் உள்ள மணலை வெட்டி மேலே அனுப்பினால் ஆயிற்று. ஒரே நாள் வேலை. உள்ளே இருப்பது வெறும் சாணிதான், பயப்பட ஒன்றுமில்லை. முடிந்ததும் புதுக் கரைசல் ஊற்றுங்கள். பழையபடி எரியும்.

இந்த ஊரில் நம் பக்கத்து ஆட்கள் நாலைந்து பேர் என்னிடம் வந்து படம் கேட்கிறார்கள். சாணிக் காஸ் வெல்டர் என்றே எனக்குப் பெயராகிவிட்டது!

எரிந்ததும் எழுது.
உன் தம்பி ஆத்மநாதன்


பம்பாய்,
30-6-1961

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நான் போட்ட கார்டு இரண்டும் வந்ததா? மச்சானுக்கு உடம்பு சரியில்லையா? மணல் எடுத்தீர்களா? டிரம்மில் ஓட்டை ஏதும் விழுந்திருந்தால் என்னிடம் சொல்ல ஏன் கூச்சம்? நானே வந்து ஒட்டித் தருகிறேன். எதுவானாலும் எழுது. தபால்காரனைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது.

ஆத்மநாதன்


புங்கங்குடி,
15-8-1961

தம்பி ஆத்மநாதனுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீ சுகமாக இரு.

வேலை அதிகம், அதனால் எழுத முடியவில்லை. மழை இல்லை. கண்மாய் வெடித்துக் கிடக்கிறது. கிடாரியையும் ஒரு பசுவையும் விற்றாயிற்று. சாணிக்கு வழியில்லாததால் காஸ் கிணற்றை மண் போட்டு மூடிவிட்டார் உன் மச்சான். டிரம்மில் ஒரு குறையும் இல்லை. உன் வேலையில் ஒரு குறையும் இல்லை.

இருளாண்டி அண்ணன் சித்திரையில் தவறிப்போனார்.

எனக்கு முன்போல் எழுத ஓடவில்லை. கோபித்துக்கொள்ளாதே. வேளைக்குச் சாப்பிடு.

செவந்தி


பம்பாய்,
2-12-1961

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மச்சானும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இருளாண்டி அண்ணன் செய்தியைப் படித்து அன்றைக்கு வேலை ஓடவில்லை. காய்ச்சலா? பாம்பா? நாற்பது வயசுகூட ஆகியிருக்காதே. இதைக் கேட்டு மூன்று கடிதம் போட்டேன், நீ பதில் எழுதவில்லை. மருதாயி எப்படி இருக்கிறாள்? அவளுக்கு ஒரு சேலை எடுத்து வைத்திருக்கிறேன்.

மழை பெய்ததாக இங்கே சொல்கிறார்கள். இனியாவது கிணற்றைத் தோண்டித் திரும்பக் கட்டலாமே. உன் கண்ணுக்காகச் செய்தது அக்கா, மண்ணுக்குள் கிடப்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

ஒரு நல்ல சேதி. கட்டுமாவடிக்காரர் குழந்தைசாமி இங்கே துறைமுகத்தில் வேலை செய்கிறார். இந்தக் கோடையில் என் படத்தை வைத்து அவருடைய அண்ணன் ஊரில் ஒரு காஸ் கிணறு கட்டினார். அதுவும் இப்போது அடைத்துக்கொண்டதாம். கடற்கரையில் மேய்கிற மாட்டின் சாணி, மணலுக்குக் கேட்கவா வேண்டும்? கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகும்போது அண்ணனும் தம்பியும் இறங்கித் தாங்களே சுத்தம் செய்யப்போகிறார்கள். உனக்கு எழுதிய முறையையே அவருக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். பத்தாம் தேதி ரயில்.

பதில் எழுது அக்கா.
ஆத்மநாதன்


புங்கங்குடி,
8-12-1961

தம்பி,

இதைப் படித்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு முதலில் தந்தி ஆபீசுக்குப் போ. கட்டுமாவடிக்குத் தந்தி கொடு. அந்தக் குழிக்குள் யாரும் இறங்கக் கூடாது. டிரம்மைத் தூக்கியிருந்தாலும் இறங்கக் கூடாது. கொடுத்துவிட்டு வந்து மீதியைப் படி. இங்கிருந்து மச்சானையும் அனுப்புகிறேன். அவர் காலையில் கிளம்பி வண்டியிலும் நடந்துமாகப் போவார். ஆனாலும் அந்த வீடு எது என்று எங்களுக்குத் தெரியாதே.

இதை உனக்கு எழுதவே கூடாது என்று இருந்தேன். மச்சானிடமும் சத்தியம் வாங்கியிருந்தேன். உன் கடிதத்தைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷி இல்லை.

இருளாண்டி அண்ணன் நம் காஸ் கிணற்றுக்குள் செத்தார்.

சித்திரை எட்டாம் தேதி. முதல் நாள் ஆட்கள் வந்து டிரம்மைத் தூக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். மறுநாள் காலையில் மச்சானும் அண்ணனும் வாளி போட்டு இறைத்தார்கள். பாதிக்கு மேல் இறைத்ததும் வாளி இறங்கவில்லை, மணல். அண்ணன் ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தார். "உள்ள ஒண்ணும் ஆகாதுல்ல மாப்ள?" என்று கேட்டார். "என் மச்சினன் எழுதியிருக்கான், வெறும் சாணிதானாம். பயப்படாம எறங்கு" என்றார் மச்சான். சொல்லிவிட்டு இன்னொரு மண்வெட்டி எடுக்க வீட்டுக்குள் போனார்.

நான் கரையில் நின்றேன். அண்ணன் இறங்கி இரண்டு வெட்டுத்தான் வெட்டினார். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு மேலே பார்த்தார். "தங்கச்சி, கண்ணு இருட்டுது" என்றார். ஏணிப்பக்கம் கையை நீட்டினார். எட்டவில்லை. களைத்துப்போனவர் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தார் தம்பி. அப்படியே முகம் குப்புறச் சரிந்தது.

நான் கத்தினேன். மச்சான் ஓடிவந்து ஏணியில் நாலு படி இறங்கினார். அவருக்கும் தலை ஆடியது. நான் மண்ணில் படுத்து அவர் தலைமுடியைப் பிடித்து இழுத்தேன். எப்படியோ மேலே வந்து விழுந்தார். பிறகு, கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கிற பாதாளக் கரண்டியைப் போட்டுத்தான் அண்ணனை எடுத்தோம். மூச்சு இல்லை.

ஊர் கூடுவதற்குள் மச்சான் நடுங்கிப் போய்விட்டார். போலீஸ் வரும், உன்னையும் பம்பாயிலிருந்து இழுத்துக்கொண்டு வருவார்கள் என்று அவருக்குப் பயம். கிராம முன்சீப் வந்து கேட்டபோது, "குடிச்சிட்டு வந்து நின்னான். நாங்க பாக்காத நேரத்துல உள்ள விழுந்துட்டான்" என்று சொல்லிவிட்டார். முன்சீப் அப்படியே எழுதிக்கொண்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை.

அன்றைக்கு அவர் குடிக்கவில்லை. சத்தியம் பண்ணிய நாளிலிருந்து ஒரு நாளும் குடிக்கவில்லை.

மருதாயி ஓடிவந்தாள். குடித்துவிட்டு விழுந்தார் என்று யாரோ சொன்னது அவள் காதில் விழுந்ததும் அப்படியே நின்றுவிட்டாள். "என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணினியே, பொய்யாய்யா?" என்று பிணத்தைப் பார்த்துக் கேட்டாள். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அடக்கம் ஆன மறுநாள் போகிக்குப் பழசைக் கழிக்கிற மாதிரி அவர் துணிமணியை எல்லாம் எடுத்து வெளியே போட்டாள். இன்றைக்கு வரை அவருக்கு ஒரு விளக்கு ஏற்றியதில்லை. மேய்ச்சல் பக்கம் சாணி பொறுக்கும்போது தனியாக அவரைத் திட்டிக்கொண்டிருப்பாள். எனக்குக் கேட்கும்.

உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. உன்மேல் குறையே இல்லை என்று எழுதவும் கை வரவில்லை. உன்னைத்தான் கேட்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் நான். மச்சான் இப்போது சரியாகச் சாப்பிடுவதில்லை.

தந்தி கொடுத்தாயா?

செவந்தி


பம்பாய்,
8-2-1962

அக்கா,

உன் கடிதம் வருவதற்கு நாலு நாள் முன்னாலேயே குழந்தைசாமி ரயிலேறிவிட்டார். அன்றைக்கே தந்தி கொடுத்தேன். மறுநாள் இன்னொன்றும் கொடுத்தேன். பதில் வருகிறவரைக்கும் ஆறு நாள். அந்த ஆறு நாளும் எப்படிப் போயிற்று என்று எழுதத் தெரியவில்லை. டிரம்மைத் தூக்கி, இறைத்து, ஏணியும் இறக்கி வைத்திருந்தார்களாம். தந்திச் சேவகன் வந்தபோது குழந்தைசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றாராம். ஐந்தாறு நாள் வீடு தெரியாமல் விசாரித்து அலைந்த மச்சானும் மறுநாள் அவர்கள் வீட்டுக்கே வந்துவிட்டார் என்று குழந்தைசாமி எழுதியிருக்கிறார். இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். சந்தோஷப்படவேண்டும். முடியவில்லை.

அந்தப் பால் பண்ணைக்குப் போனேன். குழி பார்க்கிற ஆளிடம் கேட்டேன். அவர் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார். திறந்து பல நாள் ஆறவிட்டு, கூடையில் ஒரு கோழியை இறக்கிப் பார்த்து, அது உயிரோடு வந்தால்தான் ஆளை விடுவார்களாம். அப்போதும் இடுப்பில் கயிறு கட்டி, மேலே நாலு பேர் பிடித்துக்கொள்வார்களாம். உள்ளே நிற்கிற காற்று கண்ணுக்குத் தெரியாத விஷம் என்றார்.

இங்கிருந்து ஒரு மணி நேர நடை அக்கா. மணல் அடைத்தது என்று நீ எழுதிய அன்றைக்கே போய்க் கேட்டிருக்கலாம். நான் டிரம் ஒட்டியவன்தான், ஒரு குழியைக்கூடத் திறந்து பார்த்தவன் இல்லை. தெரியாது என்று உனக்கு எழுத வெட்கமாக இருந்தது. அதுதான் நடந்தது. வேறு ஒன்றும் இல்லை.

படம் வாங்கிப் போனவர்கள் ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்துச் சொல்லிவிட்டேன். ஒருவர் மட்டும் விலாசம் மாறிவிட்டார். தேடிக்கொண்டிருக்கிறேன்.

மருதாயிக்கு உண்மையைச் சொல்லிவிட்டாயா? சொல்லவில்லை என்றால் சொல்லிவிடு. போலீஸ் வந்தால் நான் வருகிறேன். வராவிட்டாலும் வருவேன். என் பெயரையும் சொல். "என் தம்பி தெரியாமல் எழுதிவிட்டான்" என்று சொல்லாதே. தெரிந்தவன் மாதிரி எழுதினான் என்று சொல்.

மச்சானைச் சாப்பிட வை.

ஆத்மநாதன்


புங்கங்குடி,
20-6-1962

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

மச்சான் கொஞ்சம் தேறியிருக்கிறார். எனக்கு ஒன்றும் இல்லை. நீ இளைத்துப் போயிருப்பதாகக் குழந்தைசாமி தன் அண்ணனுக்கு எழுதியிருக்கிறார். சாப்பிடு.

உன் கடிதம் வந்தும் இரண்டு மாதம் நான் மருதாயி வீட்டுப் பக்கம் போகவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். பங்குனியில் ஊர்க் கூட்டம் போட்டு, அண்ணனுக்கு வருஷம் வருகிறதே, திதி கொடுக்கவேண்டாமா என்று அவளைக் கேட்டார்கள். "குடிகாரனுக்கு என்ன திதி?" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

போகாதே என்றார் மச்சான். போனேன். அவள் சுவரில் வறட்டி தட்டிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நீ எழுதியது, மச்சான் இறங்கச் சொன்னது, முன்சீப்பிடம் சொன்ன பொய், நான் வாய் திறக்காமல் நின்றது. அவள் திரும்பவில்லை. இன்னும் மூன்று வறட்டி தட்டினாள்.

"அப்ப அவரு குடிக்கலையா?"

"குடிக்கல மருதாயி. ஒரு நாளும் குடிக்கல."

"கடைசியா என்ன சொன்னாரு?"

"கண்ணு இருட்டுதுன்னாரு."

கையில் இருந்த சாணியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஒரு வருசமா நான் அவரைத் திட்டாத நாளு இல்லையேத்தா. சோத்துக்கு உக்காந்தா திட்டினேன். படுத்தாத் திட்டினேன். சொன்ன சொல்லக் காப்பாத்தின மனுசனைத் திட்டியிருக்கேனே" என்றாள். பிறகு அழுதாள். ஒரு வருஷத்து அழுகை தம்பி. தெருவே கூடிவிட்டது. நான் தொடப் போனேன். கையைத் தட்டிவிட்டாள். "சாணியக் கேட்டீங்க, குடுத்தோம். ஆளையும் குடுத்தோம். பேரையுமா எடுத்துக்கிட்டீங்க? போ. என் வாசல்ல நிக்காத" என்றாள்.

திரும்பினால், தெருமுனையில் மச்சான் நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். நேரே முன்சீப் வீட்டுக்குப் போனார். நான் சொன்னது பொய், மாற்றி எழுதுங்கள் என்றார். முடிந்துபோனதைக் கிளறாதே, எழுதியது எழுதியதுதான் என்று அவர் சொல்லிவிட்டாராம். அதற்கு மறுநாள் ஐயனார் கோயிலில் ஊர் கூடியிருந்தபோது மச்சான் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து, இருளாண்டி குடிக்கவில்லை, நான்தான் இறங்கச் சொன்னேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். பாதிப் பேர் இன்னும் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. போலீஸ் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்கிறார்.

மருதாயி சித்திரை எட்டாம் தேதி அண்ணனுக்குத் திதி கொடுத்தாள். அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்து, இலை போட்டு, வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டாளாம். எங்களைக் கூப்பிடவில்லை.

வைகாசியிலிருந்து ஊர் மந்தையை அவள்தான் மேய்க்கிறாள். பொம்பளையா என்று சிலர் கேட்டார்கள். "அவரு மேச்ச மாடு எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிக் கம்பை எடுத்துக்கொண்டாள். மந்தைச் சாணி முழுவதும் இப்போது அவளுக்கே. நம் மாடு ஐந்தும் அவளோடுதான் போகின்றன. பொழுது சாய, படலுக்கு வெளியே விட்டுவிட்டு, நான் நிற்பதைப் பார்க்காத மாதிரி போய்விடுவாள். தினமும் நான் போய் நிற்பேன்.

நேற்றும் நின்றேன். மாடுகள் உள்ளே நுழைந்தன. அவள் நாலு எட்டு வைத்துவிட்டு நின்றாள். என்னைப் பார்க்கவில்லை, மாட்டைப் பார்த்துத்தான் பேசினாள்.

"செவலைக்கு முன்னங்கால்ல முள்ளு. நொண்டுது. எடுத்து விடு."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் செவலையைப் பிடித்துக் கட்டி, காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். கருவேல முள், ஆழமாக ஏறியிருந்தது. எடுத்துவிட்டேன். மாடு காலை ஊன்றிப் பார்த்துவிட்டு நடந்து போனது.

அவ்வளவுதான் தம்பி. நீ வா. வந்தால் முதலில் அவள் வாசலுக்குப் போ. என்ன சொல்வாளோ, கேட்டுக்கொள்.

உன் வரவை நோக்கியிருக்கும் அக்கா,
செவந்தி